பழைய மில்லிங் மெஷினை முழுவதும் கழற்றித்தான் புதுப்பிக்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். வீட்டுப் பட்டறைக்காக, ஆர்8 வகை ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) கொண்ட பழைய டரெட் வகை மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் எந்திரம்) ஒன்றை வாங்கியிருக்கிறேன். நெடுங்காலம் ஓடாமல் கிடந்ததால் மேசையில் மேல்துரு படிந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு மேசையை 5 மி.மீ. நகர்த்த வேண்டிய கைச்சக்கரம், திசை மாற்றும்போது ஏறத்தாழக் கால் சுற்று வெறுமனே சுழல்கிறது, அதாவது 1.25 மி.மீ. பேக்லாஷ் (வெற்று ஆட்டம்). மோட்டார் மூன்று ஃபேஸ், வீட்டிலோ ஒற்றை ஃபேஸ் இணைப்புதான். எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, லீட் ஸ்குரூ (மேசையை நகர்த்தும் திருகுத்தண்டு) நட்டையும் மாற்றிய பிறகே ஓட்டலாம் என்று எண்ணியிருக்கிறேன். இது சரியான வரிசைதானா?

முதல் பதில்

முதலில் அளந்து பாருங்கள். கழற்றுவதைப் பிறகு முடிவு செய்யலாம். பிரித்துப் போட்ட மெஷினில் எந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிவது கடினம்.

நீங்கள் சொல்லும் 1.25 மி.மீ. முழுவதும் நட்டின் தேய்மானமாக இருக்க வேண்டியதில்லை. டயல் கேஜை (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவி) மேசையிலேயே பொருத்தி, அதன் முனையை லீட் ஸ்குரூவின் நுனியில் வைத்துக்கொண்டு, மேசையை நீளவாட்டில் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். மேசையோடு ஒட்டி வராமல் ஸ்குரூ தனியே நகர்ந்து கேஜ் முள் அசைந்தால், அந்த அளவு ஆட்டம் முனை பேரிங்கிலிருந்து வருகிறது. பெரும்பாலும் அங்குள்ள நட்டை இறுக்கினாலே அது அடங்கிவிடும். மீதமுள்ளதை மேசையின் நடுப்பகுதியிலும் இரு கோடிகளிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். வேலை பெரும்பாலும் நடுவிலேயே நடப்பதால் ஸ்குரூவும் அங்குதான் தேய்கிறது. நடுவில் இறுக்கமாக இருக்கும்படி நட்டைச் சரிசெய்தால், தேயாத கோடிகளுக்குப் போகும்போது மேசை சிக்கிக்கொள்ளும். கிப் (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் ஆப்புப் பட்டை) இறுக்குவதற்கும் இதே விதி பொருந்தும்.

ஸ்பிண்டிலின் உட்கூம்பைத் துடைத்துவிட்டு, கையால் சுழற்றி டயல் கேஜில் பாருங்கள். ஆட்டம் 0.01 மி.மீ.க்குள் இருந்து, ஓடும்போது இரைச்சலோ அதிகச் சூடோ இல்லையென்றால், ஸ்பிண்டில் பேரிங்குகளைத் தொடவே வேண்டாம். அவை ஜோடி சேர்த்துத் தேர்ந்தவை. வரிசையோ திசையோ மாறினால் நன்றாக ஓடிய மெஷினை நாமே கெடுத்தவர்களாவோம்.

மேல்துருவை எண்ணெய் விட்டு, தட்டையாகப் பிடித்த பிளேடால் சுரண்டினால் போதும். ஸ்லைடுகளின் (மேசை வழுக்கி நகரும் பரப்புகள்) மீது எமரித் தாளைக் கொண்டுபோகாதீர்கள்; உதிரும் துகள் இடுக்குகளில் தங்கி, பின்னர் ஒவ்வொரு நகர்விலும் இரும்பைத் தின்னும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதையும் உலர்வாகத் தேய்க்க வேண்டாம்.

இரண்டாம் பதில்

மின்சாரப் பகுதியை மட்டும் கூறுகிறேன். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 230/400 வோல்ட் என்றிருந்தால், ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டில் இயங்கும் வி.எஃப்.டி. (ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கி மோட்டார் வேகத்தையும் மாற்றும் கருவி) ஒன்றை வைத்து, மோட்டாரை டெல்டா (சுருள்களை முக்கோணமாக இணைக்கும்) இணைப்புக்கு மாற்றினால் போதும். ஸ்டாரிலேயே (மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிடும் இணைப்பு) விட்டால் வலுவிருக்காது. வெளியே மூன்று வயர் மட்டும் வந்து, உள்ளே ஸ்டாராக முடிச்சிட்ட மோட்டாராக இருந்தால், அந்த முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுக்க வேண்டும். அது ரீவைண்டிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் இடையில் பழைய டிரம் சுவிட்சை (மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டத் திருப்பும் கை சுவிட்ச்) வைக்கவே கூடாது. ஓடும்போது அதைத் திருப்பினால் வி.எஃப்.டி. பழுதாகிவிடும்; முன்னும் பின்னும் ஓட்டுவதற்கு அதன் கட்டுப்பாட்டு முனைகளையே பயன்படுத்துங்கள். வேகத்தை வி.எஃப்.டி.யில் மாற்ற முடிகிறது என்பதற்காக பெல்ட் மாற்றுவதையும் கைவிட வேண்டாம், ஏனெனில் மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். முனை நட்டை இறுக்கியதும் பேக்லாஷ் நடுவில் 0.70 மி.மீ. ஆகவும் கோடிகளில் 0.30 மி.மீ. ஆகவும் குறைந்துவிட்டது. இனி லீட் ஸ்குரூ நட்டை மாற்றலாமா?

முதல் பதிலளித்தவர்

ஸ்குரூவை மாற்றாமல் நட்டை மட்டும் மாற்றினால், நடுவிலுள்ள 0.40 மி.மீ. வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். அந்தச் செலவில் டிஜிட்டல் ரீட்அவுட் (மேசையின் நகர்வை எண்ணாகக் காட்டும் கருவி) ஒன்றைப் பொருத்துவதையே நான் விரும்புவேன். அது மேசையின் இருப்பிடத்தை நேரடியாக அளப்பதால் பேக்லாஷ் அளவைப் பாதிக்காது. ஆனால் கட்டர் சுழலும் திசையிலேயே பொருளைச் செலுத்தினால், இந்த அளவு பேக்லாஷில் மேசை திடீரென்று இழுபடும். எதிர்த்திசையிலேயே வெட்டுங்கள், நகர வேண்டாத அச்சுகளைப் பூட்டி வையுங்கள்.

மூன்றாம் பதில்

கழற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் அறிவுரையில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. நெடுநாள் நின்ற மெஷினில் எண்ணெய் பிசினாகி, ஸ்லைடுகளுக்குச் செல்லும் துளைகளை அடைத்திருக்கும். பம்ப்பை அழுத்தும்போது கைக்கு எதிர்ப்புத் தெரிவதால் எண்ணெய் போகிறதென்று நம்பிவிடுவோம். நடுப்பகுதி இவ்வளவு தேய்ந்திருப்பதும் அதனால்தானோ என்று ஐயுறுகிறேன். ஆகவே மேசையையும் அதைத் தாங்கும் சாடிலையும் மட்டுமாவது ஒருமுறை இறக்கி, ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். இனி இன்ஜின் ஆயில் வேண்டாம். ஸ்லைடுகளுக்கென்றே வரும் 68 கிரேடு எண்ணெய் போதும். மேசையைக் கையால் தூக்க முயலாமல் சங்கிலிக் கப்பியில் மாட்டி இறக்குங்கள். கிப்பை உருவும் முன் அதன் பருத்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.