வாழ்த்து அட்டையில் இருந்த கவிதை

எம்.ஏ. படிக்கும்போது தோழியின் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கினேன். முகப்பில் கோட்டு போட்ட ஆள் மண்டியிட்டு ரோஜா நீட்டுகிறான். உள்ளே, ‘உன்னை எப்படியெல்லாம் நேசிக்கிறேன், எண்ணிச் சொல்லட்டுமா’ என்ற ஆங்கில வரி. எழுதியவர் பெயர் இல்லை. யாரோ ஒரு துரை எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த செமஸ்டரில் பாடமாக வந்தபோதுதான் தெரிந்தது, எழுதியது எலிசபெத் பேரட் என்ற ஆங்கிலப் பெண் கவிஞர். அப்போது அவருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். லண்டன் விம்போல் தெரு வீட்டில் நோயாளியாக அடைந்து கிடந்தவர். அப்பாவோ பிள்ளைகள் யாருமே கல்யாணம் செய்யக்கூடாது என்றவர். ஆறு வயது இளையவரான கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1845 ஜனவரியில் முதல் கடிதம் போடுகிறார். 1846 செப்டம்பரில் ரகசியக் கல்யாணம். ஒன்றும் நடக்காததுபோல் ஒரு வாரம் பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டு, அப்புறம் இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை.

சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதையில் வழக்கமாக ஆண் பாடுவான், பெண் பாடப்படுவாள். இவர் பாடுகிறவராகிவிட்டார். அட்டையில் இருந்த வரி வருகிற அவருடைய 44 சானெட்டுகளில் எனக்குப் பிடித்தது 14-வது. சிரிப்புக்காக, மென்மையான பேச்சுக்காக என்னைக் காதலிக்காதே, அவை மாறிவிடும் என்கிறார். இரக்கப்பட்டுக் கண்ணீர் துடைப்பதற்காகவும் வேண்டாமாம்: உன் ஆறுதலிலேயே இருந்து நான் அழ மறந்துவிட்டால் காதலும் போய்விடுமே! நோயாளி என்று எல்லோரும் பரிதாபப்பட்ட ஒருவர் இதை எழுதியிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தை மூடவே இல்லை.

* * *

அக்கா, உங்கள் வாழ்த்து அட்டைக் கதையைப் படித்தேன். எனக்கு நேர்மாறான அனுபவம். அலுவலகத்தில் ஒருவர், ‘வாள் ஆணுக்கு, ஊசி பெண்ணுக்கு; கட்டளையிட அவன், கீழ்ப்படிய அவள்’ என்று ஆங்கிலக் கவிஞர் டென்னிசனே சொல்லியிருக்கிறார் என்றார். தேடிப் பார்த்தேன். 1847-இல் வந்த ‘தி பிரின்சஸ்’ நெடுங்கவிதையில் ஒரு கிழட்டு ராஜா பேசுவது அது! கதாநாயகி இடா, ஆண்கள் நுழைந்தால் மரண தண்டனை என்று எழுதிவைத்துப் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் நடத்துகிறவள். சரி, டென்னிசன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சந்தோஷமாக மேலே படித்தேன். கடைசியில் அந்த இடமே ஆஸ்பத்திரியாகி, காயம்பட்ட இளவரசனுக்கு இடா பணிவிடை செய்து அவனையே ஏற்றுக்கொள்கிறாள். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் உயர முடியும் என்று இளவரசன் நன்றாகத்தான் பேசுகிறான். ஆனால் வகுப்புகள் நின்றுபோனதே! நண்பரிடம் பாதி வெற்றி என்றுதான் சொல்லிக்கொள்ள முடிந்தது.

* * *

நீங்கள் இருவரும் ஆங்கிலப் பெண் கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டியை விட்டுவிட்டீர்களே. 1862 தொகுப்பில் ‘நோ, தேங்க் யூ, ஜான்’ என்று ஒரு கவிதை. உன்னைக் காதலிப்பதாக நான் சொன்னதே இல்லை, நட்பு வேண்டுமானால் தருகிறேன், காதல் வேண்டாம், நன்றி ஜான் என்கிறாள் ஒருத்தி. வகுப்பில் இதை வாசித்தபோது கடைசி பெஞ்சில் நிஜமாகவே ஒரு ஜான் இருந்தான். அந்த வருடம் முழுக்க அவன் பேனா கேட்டாலும் அதே பதில்தான்.