பட்டமில்லாத பேச்சாளரை எப்படி அறிமுகப்படுத்துவது?

வணக்கம். வரும் சனிக்கிழமை காரைக்குடியில் நடக்கும் செட்டிநாட்டு மரபுக் கருத்தரங்கில் பேச்சாளர்களை அறிமுகப்படுத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பேச்சாளர்கள் நால்வர், ஆளுக்கு இரண்டு நிமிடம்.

மூவர் பேராசிரியர்கள். பக்கம் பக்கமாகக் குறிப்பு அனுப்பிவிட்டார்கள், அதை வெட்டிக்கொள்வேன். நான்காமவர் ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பெரியவர். அவரிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். குறிப்பு கேட்டால், "கல் போடுகிறவன் என்று சொல்லுங்கள், போதும்" என்கிறார். மகனிடம் கேட்டேன், "அப்பா சொன்னதுதான்" என்றார். அழைத்த குழுவினரிடம் தொலைபேசி எண்ணைத் தவிர ஒன்றுமில்லை. பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார். அதன்மேல் மணலும் சிமெண்டும். பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார். சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு முழுவதும் கண்ணாடி தந்தது. பேராசிரியர்களின் பட்டியலைவிட இதுதான் எனக்குச் சுவையாக இருந்தது!

ஆனால் இதைச் சொன்னால் கல்லைத்தான் அறிமுகப்படுத்தியதாகும், ஆளை அல்ல. "எளிய மனிதர், கலையின் காவலர்" என்று எழுதிப் பார்த்தேன். இரங்கல் கூட்டம் போல இருந்ததால் கிழித்துவிட்டேன். விருது, பட்டம் எதுவும் இல்லை. மற்ற மூவருக்குப் பக்கத்தில் அவர் குறைந்து தெரியவும் கூடாது.

கைவினைஞர்களை மேடையில் அறிமுகப்படுத்திய அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: அவருக்கான முதல் வாக்கியத்தை எதிலிருந்து தொடங்குவீர்கள்?