60-ஐத் தாண்டியவருக்குப் பழைய சோறும் கூழும்: செய்முறை, அளவு, எங்கே பிசகுகிறது

(பலர் சேர்ந்து பேசியது. ஒவ்வொரு பகுதிக்கு மேலும் இருப்பது பேசுபவரின் ஊரோ தொழிலோ.)

காவிரிக்கரை

வயசாகிவிட்டது, பழைய சோறு இனி ஒத்துக்கொள்ளாது என்று ஒரே நாளில் நிறுத்திவிடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் குற்றம் சோற்றில் இல்லை, செய்கிற முறையில் வந்துவிட்ட மாற்றத்தில் இருக்கிறது. முன்பு மண்பானை, கைக்குத்தல் புழுங்கலரிசி, கிணற்றுத் தண்ணீர். இப்போது குக்கர், பட்டை தீட்டிய அரிசி, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர். மூன்றும் மாறிய பிறகு பழைய பக்குவம் தானாக வந்துவிடாது.

ஒருவருக்கு 50 கிராம் புழுங்கலரிசி போதும், வெந்தால் சுமார் 150 கிராம் சோறாகும். குழையவிடாமல் வடித்தெடுங்கள். குக்கரில் மூன்று நான்கு விசில் விட்ட சோறு காலையில் கூழாகக் கரைந்து நிற்கும். பச்சரிசியும் அப்படித்தான், சீக்கிரம் கரையும், சீக்கிரம் புளிக்கும். வடித்ததைத் தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஆறவிட்டு, கைச்சூடு போனதும் பானையில் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றவேண்டும். மேலே மெல்லிய துணி. சித்திரை வெயிலில் 6, 7 மணி நேரமே போதும். மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகும். சரியாகப் புளிக்காத வீட்டில் முந்தின நாள் நீராகாரம் இரண்டு ஸ்பூன் உறையாக விட்டால் எழும்பிவிடும்.

வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு ஒன்று. மதியம் 1 மணிக்கு வடித்த சோறு குக்கருக்குள் மூடியபடி கிடந்து, இரவு 9 மணிக்கு மிச்சமான பிறகு தண்ணீர் ஊற்றுவது. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாலிப உடம்பு ஒரு நாள் வயிற்றுப்போக்கைத் தாங்கும். 75 வயது உடம்பில் அதே வயிற்றுப்போக்கு நீர் வற்றிப்போய் மருத்துவமனை வரை கொண்டுவிடும். அதனால் பழைய சோற்றுக்கென்று இரவிலேயே தனியாக வடியுங்கள். மதியச் சோறு மிஞ்சினால் ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும்.

காலையில் பானையைத் திறந்ததும் மோர் போன்ற லேசான புளிப்பு வாடை வரவேண்டும், ஓரத்தில் சின்னக் குமிழ்கள் நிற்கும். பருக்கையைத் தொட்டால் நூல் இழுத்தாலோ, வழவழத்தாலோ, மேலே இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ படர்ந்திருந்தாலோ முழுப் பானையையும் கொட்டிவிடவேண்டும். மேலாக எடுத்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடுவது கூடவே கூடாது.

சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுவது உண்மைதான். அதற்காக இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். ஒரு கிண்ணம், கூடவே கெட்டித் தயிர், சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி சுண்டல். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் விரல் குத்திப் பாருங்கள். அந்த எண்தான் முடிவு சொல்லவேண்டும்.

கரிசல்

அண்ணன் சொன்னது அப்படியே கம்புக்கும் பொருந்தும். எங்கள் பக்கம் கம்பு அடுப்பிலிருந்து இறங்கியதற்கு ருசி காரணமில்லை. ரேஷன் அரிசி 2008 செப்டம்பரில் கிலோ 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம். ஒரு பக்கம் கையில் வந்து விழுகிற அரிசி, மறுபக்கம் உரலில் ஒரு மணி நேரம் குத்திப் புடைக்கவேண்டிய கம்பு. குத்தியதெல்லாம் பெண்கள். கூழின் பெருமை பேசுகிறவர்கள் அந்தத் தோள்வலியையும் சேர்த்துப் பேசவேண்டும்.

இப்போது உலக்கை தேவையில்லை. 1 கிலோ கம்புக்கு அரை டம்ளர் தண்ணீர் தெளித்துப் பிசறி 15 நிமிடம் ஊறவிட்டு, மிக்சியில் ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியாகப் போட்டு விட்டு விட்டு நான்கு சுற்று. முறத்தில் புடைத்தால் மேல்தோல் பறந்துவிடும். பிறகு குருணையாக உடைத்துக்கொள்ளலாம். மாவாக நைக்காதீர்கள். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழ் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும்.

கடையில் வாங்கும் கம்பு மாவு கசக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பில் மற்ற தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம். அரைத்துவிட்டால் ஒரு வாரத்திலேயே சிக்கு வாடை பிடிக்கும். தானியமாக வாங்கி, 4 நாளைக்கு வேண்டியதை மட்டும் உடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கூழுக்கு 100 கிராம் குருணை, ஒன்றரை டம்ளர் தண்ணீர், இரண்டு ஸ்பூன் புளித்த மோர் கலந்து இரவு வைத்துவிடவேண்டும். மறுநாள் 3 டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது 25 கிராம் நொய்யரிசியைப் போட்டு, அது முக்கால் வேக்காடு ஆனதும் கரைசலை ஊற்றிக் கை எடுக்காமல் துடுப்பால் கிண்டவேண்டும். தணலைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் வேகவில்லை. அரைவேக்காட்டுக் கூழ்தான் வயிற்றைப் பொருமவைக்கிறது. ஆறியதும் உருண்டை பிடித்து நீரில் போட்டு, அடுத்த நாள் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம்.

பல வருஷம் வெள்ளைச் சோறே சாப்பிட்ட வயிற்றுக்கு முதல் நாளே ஒரு சொம்பு கொடுக்காதீர்கள். முதல் வாரம் அரை டம்ளர், அதுவும் காலையில். நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூடவேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல். வயதாக ஆகத் தாக உணர்வே மங்கிவிடும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் நேரம் வைத்துக் கொடுக்கவேண்டும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

சேலத்துப் பெண்

அக்கா, பழைய சோற்றைக் கரைத்துக் குடிக்கும்போது பெரியவர்களுக்குப் புரையேறுகிறதே? வெறும் சோறு சாப்பிடும்போது அவ்வளவு வருவதில்லை. தண்ணியாக இருந்தால் சுலபமாகத்தானே இறங்கவேண்டும்?

முதியோர் பராமரிப்பு

இல்லையம்மா, நேர்மாறு. தண்ணீர்தான் தொண்டைக்குள் வேகமாக ஓடும். விழுங்கும் தசை தளர்ந்தவர்களுக்கு மூச்சுக்குழாய் மூடுவதற்குள் அது உள்ளே போய்விடும். நீரும் பருக்கையும் கலந்தது இன்னும் சிரமம். பருக்கை வாயில் மெல்லப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நீர் மட்டும் தனியாக இறங்கிவிடும். பழைய சோறு, ரசம் மிதக்கிற சாதம், பாலில் போட்ட அவல் எல்லாம் இந்த வகை.

நீராகாரத்தை இறுத்துவிடுங்கள். சோற்றை மத்தால் மசித்து, கெட்டித் தயிர் சேர்த்து ஒரே பதமாக்குங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் கட்டியாகச் சரியவேண்டும், அந்தப் பதம். நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாயைச் சற்றே கீழே தாழ்த்தச் சொல்லி, டீஸ்பூனில் அரை அரையாக. ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். டிவியும் பேச்சும் அந்த நேரம் வேண்டாம். முடிந்ததும் கன்னத்தின் உள்பக்கம் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் படுக்கவிடக்கூடாது.

உதிரியான புட்டு, பொரி, பொட்டுக்கடலை, அல்வா இவையெல்லாம் இவர்களுக்கு ஆபத்து. குடித்ததும் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ, உணவு நுரையீரலுக்குப் போகிறது என்று சந்தேகிக்கவேண்டும். அப்போது சமையலை மாற்றுவது போதாது, விழுங்கும் பயிற்சி தருபவரிடம் காட்டவேண்டும்.

பல்செட் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்செட் அண்ணத்தை மூடிவிடுவதால் சூடு சரியாகத் தெரியாது. காபியைக் கொடுப்பவர் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். ஈறு சுருங்கச் சுருங்க செட் ஆடும். ஆடுகிற செட்டோடு மெல்ல முடியாமல்தான் பலர் காயையும் கறியையும் ஒதுக்கிவிட்டு ரசம் சாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணம்

பிட்டு விக்கும் எண்டால் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) விட்டு ஊறவையுங்கோ. குரக்கன் (கேழ்வரகு) மா பிட்டு எண்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இடியப்பத்தையும் உதிர்த்துச் சொதிக்குள்ளே 5 நிமிஷம் விட்டால் பல் இல்லாதவை நல்லாச் சாப்பிடுவினம். தேங்காய்ப்பாலின் முதற்பாலைக் கடைசியில விட்டு, கொதிக்க முதல் இறக்கவேணும், கொதித்தால் திரைஞ்சு போகும். தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி அடுப்பால இறக்கின பிறகுதான். சொதி தண்ணியாக மேலே நிற்கக்கூடாது, பிட்டுக்குள்ளே முழுக்க இழுபட்டிருக்கவேணும். மேலே சொன்ன புரையேறுகிற விஷயம் இதுக்கும் பொருந்தும்.

மருந்துக்கடை

சாப்பாட்டை மட்டும் பேசினால் போதாது. 60-க்கு மேல் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவும் இருக்கிறது.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபி அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. எழுந்ததும் காபி, கூடவே மாத்திரை என்றிருந்தால் மருந்தின் வேலையில் ஒரு பகுதி வீண், டோஸ் ஏறிக்கொண்டே போகும். கால்சியம், இரும்பு மாத்திரைகள் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. இரும்பு மாத்திரைக்கு டீ, காபி பகை. எலுமிச்சை ஜூஸ் நட்பு.

கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு அமாவாசை விரதம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது மிகவும் ஆபத்து. வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பரிசோதிக்கவேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு, அதிலும் சைவ உணவுக்காரர்களுக்கு, பி12 குறைந்து பாதம் மரத்துப்போகலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை நிறுத்தவேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருக்கட்டும்.

உப்பு: உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் மூன்றும் சேர்ந்தே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நாக்கில் சுவை மங்குவதால் பெரியவர்கள் இன்னும் கேட்பார்கள். சோற்றில் உப்பைப் போட்டு ஊறவிடாமல், சாப்பிடும்போது மேலே தூவினால் குறைவாகவே போதும். எலுமிச்சை, மிளகு, கொத்துமல்லி கை கொடுக்கும். கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்துக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். விளம்பரத்தில் வரும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் அதைத் தொடவேண்டாம்.

கரிசல்

ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்புக்குப் பலம் என்பார்களே, அதையும் சொல்லிவிடுங்கள்.

முதியோர் பராமரிப்பு

அதில் எலும்பின் கால்சியம் மிகக் கொஞ்சமே இறங்குகிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதும் கேழ்வரகும் தயிரும் எவ்வளவோ மேல். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறது. சூப்பைச் சூட்டுக்காகவும் ருசிக்காகவும் குடிக்கட்டும், அதோடு சாப்பாடு முடிந்தது என்று விடக்கூடாது.

பெரியவர்கள் மெலிந்துபோவதற்குப் புரதம் போதாததும் ஒரு பெரிய காரணம். சிறுநீரகம் நன்றாக உள்ள 50 கிலோ எடைக்காரருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் வேண்டும். இரண்டு இட்லியும் நீர்த்த சட்னியும் 5 கிராம் தாண்டாது. சரிக்கட்டுவது கஷ்டமில்லை. இரண்டு முட்டையில் 12, சமைக்காத அளவில் 50 கிராம் பருப்பில் 11, பாலும் தயிருமாக 400 மில்லியில் 13, 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6, அரிசி, கம்பு எல்லாமாக 200 கிராம் தானியத்தில் 15. கூட்டினால் 57. முட்டை சாப்பிடாத வீட்டில் பருப்பையும் தயிரையும் கூட்டவேண்டும். சுண்டலைக் குக்கரில் கூடுதலாக 3 விசில் விட்டு மசித்துக் கொடுங்கள்.

சேலத்துப் பெண்

இறுத்த நீராகாரத்தை என்ன செய்வது அண்ணா? கொட்டிவிடலாமா?

காவிரிக்கரை

கொட்டாதீர்கள் அம்மா. புரையேறாதவர் வீட்டில் இருந்தால் அவருக்குக் கொடுங்கள். மீதியில் இரண்டு ஸ்பூன் இரவுப் பானைக்கு உறையாக எடுத்து வையுங்கள். வெயில் காலத்தில் அந்த உறையை ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். பானையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கவேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும், பிறகு வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள்.