மாஸ்டர் பிளானில் நீலம் என்றால் டியூஷன் நடத்தலாமா? அவசரம்

தேக்கா_வாத்தியார்
வணக்கம். டியூஷன் நடத்த சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறேன். ஏஜண்ட் "மாஸ்டர் பிளான் வரைபடத்தில் நீல நிறம், கமர்ஷியல், கவலையே வேண்டாம்" என்கிறார். ஆனால் உரிமையாளர் கொடுத்த தாளில் சோனிங், பிளாட் ரேஷியோ 3.0, அப்ரூவ்ட் யூஸ், சேஞ்ச் ஆஃப் யூஸ் என்று என்னென்னமோ இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பாத்தோக்_அக்கா
தம்பி, கடைவீடா, ஆபீஸ் கட்டடமா? எத்தனையாவது மாடி? இதற்கு முன் அங்கே என்ன இருந்தது? எத்தனை பிள்ளைகள்? ஒன்றும் சொல்லாமல் கட்டலாமா என்றால் கிளி ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும்.

நிலா77
சிக்கல் பிளாட் ரேஷியோவில்தான், அடித்துச் சொல்கிறேன். மனை 100 சதுர மீட்டர், ரேஷியோ 3.0 என்றால் எல்லா மாடியும் சேர்ந்து 300 சதுர மீட்டர்தான் இருக்கலாம். முன்பு இருந்தவர் நடுவில் ஒரு இடைத்தளம் போட்டிருந்தால் போச்சு. டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.

பாத்தோக்_அக்கா
அவர் வாடகைக்குத்தானே எடுக்கிறார், கட்டடமா கட்டப்போகிறார்?

நிலா77
இருந்தாலும் அளந்து வைப்பது நல்லது.

வரைபடக்காரன்
இதற்கு நான் இங்கேயே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு முறை.

சோனிங் நிலத்துக்கு உரியது. அடுத்த 10, 15 ஆண்டுகளில் அந்த மனையில் என்ன வரலாம் என்பதை மாஸ்டர் பிளான் சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்திப் பார்ப்பார்கள். அப்ரூவ்ட் யூஸ் என்பது நீங்கள் எடுக்கப்போகும் அந்த ஒரு மாடிக்கு உரியது. அதற்குக் கடைசியாக எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தார்களோ, அதுதான். நிலம் நீலமாக இருக்கும், மாடி இன்னும் குடியிருப்பு என்றே பதிவில் இருக்கும். அப்படி இருந்தால் சேஞ்ச் ஆஃப் யூஸ் அனுமதி வாங்காமல் ஒரு பெஞ்சு கூடப் போடக்கூடாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் முகவரியைத் தட்டினால் தெரிந்துவிடும். நீலத்தைப் பார்த்து முன்பணம் கட்டுவது, நவம்பர் மாதம் காலையில் வெயிலைப் பார்த்துத் துணி காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போவது மாதிரி.

அடையாறு_டு_ஆங்மோகியோ
ஒரு சந்தேகம். பிளாட் ரேஷியோ என்பது நம்மூர் எஃப்எஸ்ஐதானே? தமிழ்நாட்டில் 2019 விதிகளின்படி உயரமில்லாத கட்டடத்துக்கு 2, உயரமான கட்டடத்துக்கு 3.25. "தளப்பரப்புக் குறியீடு" என்று அழகான தமிழ்ச்சொல் இருக்கும்போது ஏன் பிளாட் ரேஷியோ?

வரைபடக்காரன்
மொத்தத் தளப்பரப்பை மனைப்பரப்பால் வகுக்கிறோம், அதுவரை ஒன்றுதான். எதைத் தளப்பரப்பில் சேர்ப்பது என்பது ஊருக்கு ஊர் வேறு. இங்கேயே நான்கு அமைப்புகள் ஆளுக்கொரு விதமாக அளந்துகொண்டிருந்தன, 2023 ஜூனில்தான் ஒன்றாக்கினார்கள். இப்போது வெளிச்சுவரின் நடுவிலிருந்து அளக்கிறார்கள். அங்கே உள்ள சொல்லை அப்படியே இங்கே ஒட்டவேண்டாம்.

அடையாறு_டு_ஆங்மோகியோ
சுவரின் நடுவிலிருந்து அளந்தால் தமிழ்ப் பெயர் வைக்கக்கூடாதா?

வரைபடக்காரன்
வையுங்கள். விண்ணப்பத்திலும் அதையே எழுதி அனுப்பிப் பாருங்கள்.

நிலா77
டெவலப்மெண்ட் சார்ஜ் வேறு வரும், ஜாக்கிரதை.

பாத்தோக்_அக்கா
அது 2022 ஆகஸ்டோடு போயாச்சு. இப்போது லேண்ட் பெட்டர்மெண்ட் சார்ஜ், நில ஆணையம் வசூலிக்கிறது. அனுமதியால் நிலத்தின் மதிப்பு கூடினால்தான் அந்தப் பேச்சே.

வாத்தியார் தம்பி, எங்கே போய்விட்டீர்கள்? லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். பழைய கடைவீடு என்றால் வாசலில் பெயர்ப்பலகை மாட்டவே விதி உண்டு. பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ என்றால் கல்வி அமைச்சிலும் பதிய வேண்டும். நான் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு நேரத்தில் மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டேன், அதுவரைக்கும் தனி அனுமதி கேட்பதில்லை. நிம்மதி. (காசுதான் வரவில்லை.)

அடையாறு_டு_ஆங்மோகியோ
"மனை விகிதம்" என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதற்கு பிளாட் ரேஷியோவே தேவலாம்.

தேக்கா_வாத்தியார்
மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். கடைவீடு, இரண்டாம் தளம், 14 பிள்ளைகள். இணையத்தில் பார்த்தேன், அப்ரூவ்ட் யூஸ் குடியிருப்பு. ஏஜண்ட் போனை எடுக்கவில்லை. பணம் கட்டவில்லை. அக்காவுக்கும் வரைபடக்காரருக்கும் நன்றி.

நிலா77
அந்தத் தளம் எத்தனை சதுர மீட்டர் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே?