ஜெர்சில பழைய இங்கிலீஷ் பேப்பர் தலைப்பு மாதிரி தடி எழுத்து, படிக்கவே முடியல, எப்படி வைக்கறது?

பாலக்கோடு_ஸ்டிக்கர்ஸ்
வணக்கம்ங்க, பாலக்கோட்டுல சின்ன ஸ்டிக்கர் கடை. இங்க கபடி டீம் பசங்க ஜெர்சி முதுகுல ஊர் பேர (PALACODE) அந்த பிளாக்லெட்டர் ஸ்டைல்ல இங்கிலீஷ்ல கேக்கறாங்க. எட்டு எழுத்தையும் கேப்பிடல்ல அடிச்சா என்ன எழுதிருக்குன்னே தெரியல, தள்ளித் தள்ளி வச்சும் பாத்தாச்சு இன்னும் மோசமாதான் ஆகுது. கீழ தமிழ்லயும் அதே மாதிரி வேணுமாம், ஆனா ஃபான்ட் மாத்தினாலும் தமிழ் சாதா எழுத்தாவே நிக்குது. என்ன பண்ணலாம்?

ஓசூர்_டிசைன்
தம்பி, முழு கேப்பிடல் மட்டும் வேண்டாம்பா. அந்த ஸ்டைல்ல கேப்பிடல்ங்கறது வார்த்தையோட முதல் எழுத்துக்குன்னே வரைஞ்சது, உள்ளுக்குள்ளயே கூடுதல் கோடு வளைவுன்னு நிறைய இருக்கும், சியும் ஓவும் ஈயும் வரிசையா நின்னா கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். முதல் எழுத்து மட்டும் பெருசு, மிச்சம் சின்ன எழுத்து. தள்ளியும் வைக்காத. பட்டை முனை பேனாவ சாய்ச்சுப் பிடிச்சு எழுதின எழுத்து இது, 1455 வாக்குல குட்டன்பர்க் அச்சடிச்ச பைபிள்லயும் இந்த வகைதான், வேலிக்கால் நட்ட மாதிரி நெருக்கமா நிக்கணும், எழுத்துக்கு உள்ள இருக்கற வெள்ளையும் ரெண்டு எழுத்துக்கு நடுவுல இருக்கற வெள்ளையும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தாதான் அந்த கருப்பு கெட்டியா தெரியும். அதுதான் இதோட அழகே.

ஃபான்ட்டுக்கு கூகுள் ஃபான்ட்ஸ்ல யூனிஃப்ராக்டர் குக் இலவசமா இருக்கு, ருடால்ஃப் கோக்னு ஒரு ஜெர்மன் எழுத்து டிசைனர் 1910ல பண்ண எழுத்த வச்சு செஞ்சது, போல்டு மட்டும்தான் வரும். இன்னும் சுலபமா படிக்கணும்னா ஓல்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட் எடுத்துக்க.

தருமபுரி_ஃபிளெக்ஸ்
ஓசூர் அண்ணன் சொன்னது சரிங்க. ஆனா ஓல்டு இங்கிலீஷ்ல முடி மாதிரி மெல்லிசு கோடு நிறைய, வினைல் வெட்டி உரிக்கும்போது அதுவும் சேந்து வந்துரும், ஒட்டினாலும் துவைக்க துவைக்க முதல்ல தூக்கறது அதுதான். அதனால தடி ஃபான்டே எடுங்க, இல்லனா கட்டிங் போடறதுக்கு முன்னாடி மெல்லிசு கோட்டுக்கு அவுட்லைன் குடுத்து தடிச்சுக்கோங்க. நம்பருக்கு மட்டும் சாதா எழுத்து போடுங்க, ரெஃப்ரீ தூரத்துல இருந்து பாக்கணும்ல.

மத்தூர்_வாசகன்
இது ஹிட்லர் ஆளுங்க எழுத்துன்னு சொல்றாங்களே, பசங்க முதுகுல போடலாமா?

ஓசூர்_டிசைன்
அவங்களும் போஸ்டர்ல நிறைய பயன்படுத்தினாங்க, அத மறுக்க முடியாது. ஆனா எழுத்து அவங்களுக்கு பல நூறு வருசம் முந்தினது, 1941 ஜனவரில யூத எழுத்துன்னு பொய்யா ஒரு காரணம் சொல்லி அந்த அரசாங்கமே இத நிறுத்தச் சொல்லி சுற்றறிக்கை விட்டுருச்சு. நியூயார்க் டைம்ஸ் தலைப்பு இன்னைக்கும் இந்த எழுத்துதான். ஊர் பேருக்கு தாராளமா போடலாம், பக்கத்துல கழுகு, சிலுவைன்னு அலங்காரம் மட்டும் சேக்காதீங்க.

தமிழ் விசயம் விட்டுப்போச்சு. அந்த ஃபான்ட்டுக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது, அதான் சிஸ்டம் வேற ஃபான்ட்டுக்கு மாத்திக்குது. பட்டை பிரஷ்ஷ நாப்பத்தஞ்சு டிகிரில சாய்ச்சுப் பிடிச்சு கைலயே எழுதணும். ப, ட ரெண்டும் நேர்கோடு, நல்லா வரும். லகரம், ககரம், ஓகார கொம்பு, டுவோட சுழி எல்லாம் வளைவு, அத ரெண்டு மூணு வெட்டா உடைச்சு எழுதணும்.

பாலக்கோடு_ஸ்டிக்கர்ஸ்
ரொம்ப நன்றிங்கண்ணா. பக்கத்து தெருவுல போர்டு எழுதற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, தமிழ அவர்கிட்ட எழுதி வாங்கி ஸ்கேன் பண்ணிக்கறேன்.