தாஜில் ஒரு ராத்திரி: நீங்க எந்த வாசல் வழியா போனீங்க?

கடப்பா கல்:

மும்பையில் பதினெட்டு வருஷமாக மார்பிள், டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறேன். கொலாபாவில் மட்டும் பத்துப் பதினைந்து வீடுகள் முடித்திருப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடலோரச் சுவரில் வந்து உட்காருவோம். முதுகுப் பக்கம் கடல், எதிரில் தாஜ் மகால் பேலஸ் ஓட்டல். உள்ளே போனதில்லை. யாரும் தடுக்கவில்லை, ஒரு டீ குடிக்க யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதும் தெரியும். கையில் சிமெண்ட் காய்ந்திருக்கும்போது அந்த நினைப்பு வராது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பார்ட்டி, தரவேண்டிய பாக்கியில் ஒரு பங்கை அந்த ஓட்டலின் கிஃப்ட் கார்டாகக் கொடுத்துவிட்டார். "ரொக்கமா வாங்கத் துப்பில்லையா?" என்று வீட்டில் கேட்டாள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு ராத்திரிக்கு, பேலஸ் என்று சொல்கிற அந்தப் பழைய கட்டடத்திலேயே ரூம் போட்டோம். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். கணக்குப் போடும்போது அதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

பெட்டியை ஸ்கேனரில் போட்டு, நம்மையும் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனதும் எல்லாரும் சரவிளக்கைப் பார்த்தார்கள். என் கண் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டைக்குத்தான் போனது. தொழில் புத்தி.

நான் எழுத வந்தது படிக்கட்டைப் பற்றி. பேலஸ் கட்டடத்தின் நடுவில், குவிமாடத்துக்கு நேர் கீழே அந்தப் பெரிய படிக்கட்டு இருக்கிறது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மாடி மாடியாகத் தாழ்வாரங்கள் சுற்றி ஓடுகின்றன, கழுத்து வலிக்கிற உயரம். படிக்கட்டுக்கு அடியில் தூண் கிடையாது, முட்டுக் கிடையாது, அந்தரத்தில் நிற்கிறது. இந்த மாதிரிப் படிக்கட்டில் ஒவ்வொரு படியின் ஒரு முனையையும் சுவருக்குள் விட்டுக் கட்டுவார்கள். மறுமுனை அந்தரத்தில் நிற்கும், படியின் முன்விளிம்பு கீழ்ப்படியின் முதுகில் லேசாக ஏறி உட்காரும். பாரம் படிப்படியாகக் கீழே இறங்கிவிடும், படி திருகாமல் சுவர் பிடித்துக்கொள்ளும். சொல்வது சுலபம். ஒரு படி அரை நூல் தப்பினாலும் மேலே போகப் போகக் கோணல் காட்டிக் கொடுத்துவிடும். 1903-இல் திறந்த ஓட்டல், நூற்றிருபது வருஷம் தாண்டியாயிற்று. நான் முழங்கால் போட்டு உட்கார்ந்து, படியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தேன். யூனிஃபார்ம் போட்ட ஒரு தம்பி ஓடி வந்து, "சார், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று இந்தியில் கேட்டான். "இல்லப்பா, எப்படி விழாம நிக்குதுன்னு பாக்குறேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கூடவே குனிந்து அவனும் பார்த்தான்.

ரூமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயரமான சீலிங், கனமான கதவு, ஜன்னலுக்கு வெளியே கேட்வே ஆஃப் இந்தியா வளைவு. மெத்தை, தலையணை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். பாத்ரூமில்தான் நேரம் போனது. தரை வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பல் தேய்க்கிற கிளாஸில் தண்ணீர் பிடித்து ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தேங்காமல் தண்ணீர் போகிற ஜாலிக்கு ஓடிப் போனது. "தண்ணி ஊத்திப் பாக்கவா இவ்வளவு செலவழிச்சு வந்தோம்?" என்று வெளியிலிருந்து குரல்.

ஒரே ஒரு சங்கடம். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்த பிறகும் கட்டிலுக்கு அடியில் சின்னதாக ஒரு மஞ்சள் வெளிச்சம். நாலு தடவை எழுந்து சுவிட்ச் தேடினேன், கிடைக்கவே இல்லை. போன் பண்ணிக் கேட்க வெட்கமாக இருந்தது.

காலையில் கீழே ஷாமியானா ரெஸ்டாரண்டில் அக்கூரி சாப்பிட்டேன், பார்சிக்காரர்களின் முட்டைப் பொடிமாஸ். நம்முடையதைப் போல உதிரியாக இருக்காது. குழைவாக, அடுப்பிலிருந்து ஒரு நிமிஷம் முன்னாலேயே இறக்கிய பதத்தில் இருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கினேன்.

உங்களில் யார் யார் போயிருக்கிறீர்கள்? எழுதுங்கள்.


லாஞ்ச் டிக்கெட்:

அண்ணே, அந்த ஓட்டலே திரும்பிக் கட்டினதுதானே? கடலைப் பாத்து இருக்கறது முதுகுப் பக்கம். பிளானை ஆளுங்க தலைகீழா புரிஞ்சுக்கிட்டாங்க, இன்ஜினியர் வெளிநாட்டுலேருந்து திரும்பி வந்து பாத்துட்டு மேலேருந்து குதிச்சிட்டார். எலிஃபண்டா லாஞ்ச்ல போகும்போது கைடு சொன்னார்.


ஓய்வூதியர், டோம்பிவிலி:

அந்தக் கைடு நாற்பது வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்! பாதி உண்மை, பாதி கதை.

கட்டடத்தை வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்சா. வைத்யா வேலை முடியும் முன்பே காலமாகிவிட்டார். மீதியை முடித்தவர் டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். யாரும் எங்கிருந்தும் குதிக்கவில்லை.

உண்மையான பாதி இது. அந்தக் காலத்து முகப்பு வாசல் நகரத்தின் பக்கம், மேற்கே இருந்தது. குதிரை வண்டிகள் அந்த வழியாகத்தான் வரும். இன்றைக்கு நீச்சல் குளம் இருக்கிற இடம் அது. லாட வடிவத்தில் இரண்டு கைகளையும் மேற்குப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது கட்டடம். மின்விசிறியே அதிசயமாக இருந்த காலத்தில் காற்று வரும் பக்கம் பார்த்துக் கட்டினார்கள். துறைமுகத்தைப் பார்த்த பக்கம் முழுக்க அறைகளுக்கு விட்டாயிற்று. இதில் தவறு எங்கே இருக்கிறது? இன்னொன்று: ஓட்டல் திறந்தது 1903 டிசம்பர் 16. கேட்வே ஆஃப் இந்தியா திறக்கப்பட்டது 1924-இல். ஓட்டல் எழும்பியபோது எதிரில் அந்த வளைவே கிடையாது. இன்று நாம் கேட்வேயில் நின்றுகொண்டு, "ஏன் இந்தப் பக்கம் வாசல் வைக்கவில்லை?" என்று கேட்கிறோம்.

ஜம்ஷெட்ஜி டாட்டா தாமே ஐரோப்பாவில் அலைந்து சாமான் வாங்கினார். மின் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து, விசிறிகள் அமெரிக்காவிலிருந்து. திறந்து ஐந்தே மாதத்தில், 1904 மே மாதம், ஜெர்மனியில் இறந்துபோனார். முதல் உலகப் போரின்போது ஓட்டலே 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாறியது. பக்கத்தில் நிற்கும் டவர் பிற்பாடு வந்தது, 1973. கட்டியபோது பலருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பேலஸின் பக்கத்தில் எதைக் கட்டியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று என் மகன் கிண்டல் செய்கிறான்.

2017-இல் அந்தக் கட்டடத்தின் தோற்றத்தையே வணிகக் குறியாகப் பதிவு செய்துவிட்டார்கள். இந்தியாவில் ஒரு கட்டடத்துக்கு அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை.


மாதுங்கா மாமி:

நான் முன்வாசல் வழியாத்தான் போனேன், பட்டுப் புடவையோட. வருஷம் 1994. முதல் மாடியில ஸீ லவுஞ்ச். அங்கே பெண் பார்க்கறது அந்தக் காலத்துல பம்பாய்ல பெரிய வழக்கம். குஜராத்தி, பார்சி, சிந்தி எல்லாரும் வருவா. எங்காத்துல பஜ்ஜி சொஜ்ஜிதான், ஆனா மாப்பிள்ளை ஆத்துக்காரா சாந்தாக்ரூஸ் பெரிய இடம். "ஸீ லவுஞ்ச்ல மீட் பண்ணலாம்"னுட்டா.

ஜன்னலோர மேஜை. கேட்வே கண்ணுக்கு நேரே தெரியறது. பக்கத்து மேஜையைப் பார்த்தா அங்கேயும் ஒரு பொண்ணு தலையைக் குனிஞ்சிண்டு உக்காந்திருக்கா, எதிர்ல ஒரு பையன் மெனு கார்டைத் தலைகீழா பிடிச்சிண்டிருக்கான். எங்களுக்குக் காபி வந்தது, மேலே க்ரீம் நுரை மலை மாதிரி. எங்கப்பா அதை டம்ளர் டபரா மாதிரி ஆத்தறதுக்கு ரெண்டாவது கப் கேட்டார். அந்த சர்வர் முகத்துல ஒரு சுளிப்பு இல்லை. சாஸரோட இன்னொரு கப்பைக் கொண்டுவந்து பதவிசா வெச்சுட்டுப் போனார். அப்பா ஆத்தினார். மாப்பிள்ளையோட அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிண்டா.

அந்த வரன் அமையலை. அமைஞ்சது வேற இடம், செம்பூர்ல, மொட்டை மாடியில பாத்து. போன வருஷம் பொண்ணோட அங்கே ஹை டீக்குப் போனேன். சாண்ட்விச், ஸ்கோன் வரிசையா இருக்க, ஒரு மூலையில பேல் பூரி, சேவ் பூரி போட்டுத் தரா. என் பொண்ணு நாலு மேஜை தள்ளிக் காட்டி, "அம்மா, அங்கே ஒரு மீட்டிங் நடக்கறது பாரு"ங்கறா. இன்னும் நடக்கறது!


லாஞ்ச் டிக்கெட்:

மாமி, அந்தப் பக்கத்து மேஜைப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?


மாதுங்கா மாமி:

நேக்கு எப்படிப்பா தெரியும்? மெனு கார்டு நேரான வரைக்கும் பார்த்தேன்.


தாதர் பூக்காரன்:

எனக்குத் தெரிஞ்சது பின்வாசல். பெரிய ஓட்டல்களுக்குப் பூ சப்ளை பண்ற சேட்டுகிட்ட ஏழு வருஷம் இருந்தேன். விடியக்காலம் நாலு மணிக்கு தாதர் மார்க்கெட்ல எடுத்து, டெம்போல ஏத்தி, சர்வீஸ் கேட்ல பேரு எழுதி, பாஸ் மாட்டிக்கிட்டு உள்ளே போவோம். நீங்க எல்லாரும் பாத்த லாபியை நான் காலையில அஞ்சரை மணிக்குப் பாத்திருக்கேன். ஆள் இருக்காது. தரை தொடைக்கிற மெஷின் சத்தம் மட்டும்.

லில்லிப் பூ வெச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க. விரிய ஆரம்பிச்ச உடனே நடுவுல இருக்கிற மகரந்தத் துண்டைச் சின்னக் கத்திரியால ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கணும். இல்லைன்னா யார் சட்டையிலயாவது பட்டுச்சுன்னா மஞ்சக் கறை, சோப்புக்குப் போகாது. ஒரு ஜாடிக்கு முப்பது நாப்பது மொட்டு. என் விரல் ரெண்டும் எப்பவும் மஞ்சளாத்தான் இருக்கும். ரயில்ல சாம்பார் சாதம் சாப்பிட்டுக் கை கழுவாத ஆளுன்னு நெனைப்பாங்க.

2008 நவம்பர் 26, தீவிரவாதிங்க மும்பையைத் தாக்கின ராத்திரி, நான் ரூம்ல டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். குவிமாடத்துப் பக்கத்துலேருந்து தீயும் புகையும் வருது. எந்த வழியா போனா எந்தப் படிக்கட்டு வரும்னு தெரிஞ்ச கட்டடம். தாஜ்ல மட்டும் 31 பேர் இறந்தாங்க. டவர் அடுத்த மாசமே தொறந்துட்டாங்க. பேலஸ் பக்கம் 2010 ஆகஸ்ட் 15-லதான். உள்ளே அவங்க பேரெல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. வேலையை விட்ட பிறகு ஒரே ஒரு தடவை முன்வாசல் வழியா போனேன். அதுக்குத்தான் போனேன். எந்தப் பூ வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வந்துட்டேன்.


கடப்பா கல்:

பூக்காரரே, நான் அந்தப் பெயர்களுக்கு முன்னால் நின்றேன். அதை எழுதத் தெரியாமல்தான் விட்டுவிட்டேன்.


சட்னி சேஸ்வான்:

சாப்பாடு பத்தி யாருமே பேசலையே. தாஜ்ல இருக்கிற கோல்டன் டிராகன் போயிருக்கேன், ஆபீஸ் காசுல. சீனாவோட சிச்சுவான் சமையலை இந்தியாவுல பரப்பினதே அந்த ரெஸ்டாரண்ட்தான்னு பெயர். அங்கேருந்து எறங்கி, பேரு சேஸ்வான்னு மாறி, ரோட்டோரத்துல சேஸ்வான் தோசையா வந்து நிக்குது பாருங்க, அந்தப் பயணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டையும் சாப்பிட்டவன்ங்கற உரிமையில சொல்றேன்: காரம் ரோட்டுலதான் ஜாஸ்தி. அங்கே காரத்துக்குப் பின்னாடி நாக்கு மரத்துப்போற ஒரு மிளகு வரும், ரோட்டுல அது வராது. அதே தாஜ்ல ஹார்பர் பார்ல குடிக்கிறவங்க குடிக்கலாம். பம்பாய்ல முதல் பார் லைசென்ஸ் அதுக்குத்தானாம், 1933. நான் லெமன் சோடா குடிச்சேன், டிரைவிங்.


ஹவுஸ்கீப்பிங் கோபாலு:

நான் தாஜ்ல வேலை பாத்ததில்ல. ஏர்போர்ட் பக்கம் ஒரு அஞ்சு நட்சத்திர ஓட்டல்ல ரூம் அட்டெண்டெண்டா பதினோரு வருஷம். ஷிஃப்டுக்குப் பதினாலு ரூம். ஒரு ரூமுக்குள்ள போனா முதல் வேலை என்ன தெரியுமா? திரையைத் தெறக்கறது. வெளிச்சம் வந்தாத்தான் அழுக்கு தெரியும். அப்புறம் துணியை உருவறது, பாத்ரூம், கடைசியா தூசி. கதவுலேருந்து ஆரம்பிச்சு ஒரே பக்கமா சுத்தி வருவோம், எதையும் விட்டுடாம இருக்க. முடிச்சிட்டு விருந்தாளி மாதிரி கட்டில் ஓரத்துல குனிஞ்சு பாப்போம். நின்னா தெரியாதது உக்காந்தா தெரியும்.

நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தங்கினார். வேட்டியைத் தொவைச்சு டேபிள் லேம்ப் மேலே காயப்போட்டுட்டுக் கோயிலுக்குப் போயிட்டார். புகை அலாரம் அடிச்சு மூணு மாடி ஆளையும் கீழே இறக்கினோம். வேட்டியில தோசைக்கல் சைஸ்ல ஒரு ஓட்டை. அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "கொடி கட்ட ஒரு ஆணி கூட இல்லாம என்னய்யா அஞ்சு நட்சத்திரம்?" எங்க ஓட்டல்ல பாத்ரூம்ல இழுக்கிற கொடி இருந்துச்சு. சுவத்துல ஒரு வட்டக் குமிழ், அதுக்குள்ள சுருண்டு கெடக்கும். யாரும் அதை அவருக்குச் சொல்லல. அதுக்கப்புறம் வேட்டி கட்டினவங்க வந்தா நானே போய் இழுத்துக் காட்டிட்டு வருவேன்.

கடப்பா அண்ணே, உங்க மஞ்சள் வெளிச்சம். நான் பாக்காம சொல்றேன், தப்பா இருந்தா மன்னிக்கணும். அது சென்சார் லைட்டா இருக்கும். சுவிட்ச் கிடையாது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்து காலைக் கீழே வெச்சா தானா எரியும், அசையாம படுத்திருந்தா ஒரு ரெண்டு நிமிஷத்துல தானா அணைஞ்சிடும்.


கடப்பா கல்:

அப்படியென்றால் அதை அணைக்க நான் எழுந்ததால்தான் ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது.

மேலே உள்ளதை எல்லாம் இன்று சாயந்திரம் வீட்டில் படித்துக் காட்டப்போகிறேன். கோபாலு எழுதிய கடைசிப் பத்தியைத் தவிர.