வண்டியிலேயே குடியிருந்து மண் வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஈரக்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருடமாக மண்பாண்ட வேலை செய்கிறேன். பெரும்பாலும் கோப்பை, கிண்ணம், மூடி போட்ட சின்ன ஜாடி. போன மாதம் வீட்டை விற்றுவிட்டோம். புது வீடு கட்டி முடிய எட்டு மாதமாவது ஆகும். அதுவரை நானும் கணவரும் 24 அடி ஆர்.வி. ஒன்றில், அதாவது குடியிருக்கிற மாதிரி கட்டிய வண்டியில், இருக்கப் போகிறோம். ஒரே இடத்தில் நிற்க முடியாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வண்டியைக் கிளப்பியாக வேண்டும்.

சூளையையும் பெரிய சக்கரத்தையும் தெரிந்தவர் கொட்டகையில் போட்டுவிட்டேன். கையில் இருப்பது மேசைமேல் வைக்கிற சின்ன மின்சக்கரம், ஒரு பை நிறையக் கருவிகள், 11 கிலோ பொதியாகப் பதினெட்டுப் பொதி களிமண். எட்டு மாதம்தானே, ஓய்வெடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்னால் ஆகாது. வீடு காலி செய்த வாரத்தில் நாலு நாள் மண்ணையே தொடவில்லை. ராத்திரி தூக்கத்தில், சக்கரத்தில் பாத்திரத்தின் சுவரை மேலே இழுப்பதுபோல என் விரல்கள் அசைவதாகக் கணவர் சொன்னார்.

அழுக்குத் தண்ணீரை என்ன செய்வது? பாத்திரங்களை எங்கே காயவைப்பது? சின்னச் சோதனைச் சூளை ஒன்று வாங்கி வண்டியிலேயே சுடலாமா? எங்கள் வண்டிக்கு 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் வேலை செய்வது நடக்கிற காரியமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சக்கரத்தடி எழுதியது:

ஈரக்கை, உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த வண்டியின் ஈர மண் வாசனையே எனக்கு வந்துவிட்டது. நானும் இதே மாதிரி இரண்டு வீடுகளுக்கு நடுவில் பதினான்கு மாதம் 26 அடி வண்டியில் இருந்தேன். உடம்புக்கு முடியாத சில நாட்களைத் தவிர தினமும் மண்ணில் கை வைத்தேன். தாராளமாக முடியும். ஆனால் அங்கே உங்கள் நாளை ஈரம்தான் நடத்தும். எந்தக் கோப்பை எந்த அளவு காய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எப்போது குளிப்பது, எந்தக் கிழமை கிளம்புவது என்பதுகூட முடிவாகும். இதற்கு மனசு பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

வீட்டுப் பட்டறையில் காற்று நிறைய இருக்கும், பாத்திரம் சீராகக் காயும். வண்டிக்குள் இருப்பதோ கையளவு காற்று. அடுப்பில் 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வெளியே வரும். அதோடு இரண்டு பேரின் மூச்சு. காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், முந்தாநாள் செய்த கிண்ணம் அப்படியே சொதசொதவென்று இருக்கும். அதே நாள் மதியம் ஹீட்டர் ஓடினால் தரையில் இருக்கிற கம்பிச்சட்டம் வழியாக வரும் சூடு, கிண்ணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வெளுக்க வைத்துவிடும். வெளுத்த பக்கம் முதலில் சுருங்கும், வாய் முட்டை வடிவமாகக் கோணும். முதல் மாதம் நான் செய்த கிண்ணங்களில் பாதி இப்படித்தான் போயின.

பிறகு ஒரு இடம் கண்டுபிடித்தேன். குளியல் கூண்டு. முழங்கை இடிக்கிற அளவு சின்னது, ஆனால் கதவைச் சாத்தினால் காற்றாடாது. குறுக்கே இரண்டு கட்டைகளைத் தாங்கவைத்து அதன்மேல் பலகைகளை அடுக்கினேன். காலையில் பலகைகளைக் கட்டிலுக்கு மாற்றுவேன், குளிப்பேன், சுவரைத் துடைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பேன். குளித்த ஈரம் அந்தக் கூண்டில் நாள் முழுக்க நிற்கும். கைப்பிடி ஒட்டிய கோப்பைகளுக்கு அதைவிட நல்ல இடம் என் பழைய பட்டறையில்கூட இருந்ததில்லை.

சக்கரத்தை வண்டிக்குள் வைக்காதீர்கள். வண்டியின் தரை லேசாக அதிரும், மண் நடுவில் நிற்க அடம்பிடிக்கும். நான் வெளியே பந்தல் துணிக்குக் கீழே தடிமனான பிளைவுட் பலகை போட்டு, அடியில் ரப்பர் விரித்து, மட்டம் பார்த்துச் சக்கரத்தை வைத்தேன். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரைதான் வேலை. அப்புறம் காற்று கிளம்பிவிடும், வனையும்போதே காற்று வீசுகிற பக்கத்து விளிம்பு காய ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஆறு கோப்பை, ஒவ்வொன்றுக்கும் 450 கிராம் மண். அதற்குமேல் வைக்க இடம் இல்லை. முன்பெல்லாம் ஒரு காலையில் முப்பது வனைவேன். ஆறோடு நிறுத்தியபோதுதான் ஒவ்வொரு அடியையும் திருப்பிப் பார்த்துச் சீவ நேரம் கிடைத்தது. மழை நாட்களில் உள்ளே மேசையில் உட்கார்ந்து கையாலேயே கிள்ளிக் கிண்ணம் செய்வேன். ராத்திரி அந்த மேசைதான் கட்டில், ஆகவே இருட்டும் முன் துடைத்தாக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சமும் அசட்டையாக இருக்காதீர்கள். ஒரு சொட்டு மண் தண்ணீர்கூட வண்டியின் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகக் கூடாது. களிமண் அடியில் படிந்து இறுகினால் வால்வு அடைத்துக்கொள்ளும், அதை எடுப்பது பெரும்பாடு. மூன்று வாளி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாளியில் கையும் கருவியும் கழுவி, ராத்திரி முழுக்க அசையாமல் விட்டால் காலையில் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதை மெதுவாக இரண்டாவதில் ஊற்றினால் அடுத்த நாள் வேலைக்கு ஆகும். அடியில் நிற்கிற குழம்பு மூன்றாவதுக்குப் போகும். குழம்பு சேர்ந்ததும் பழைய ஜீன்ஸ் பேண்டின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையை இறுகக் கட்டி, உள்ளே ஊற்றி, வண்டியின் பின்பக்க ஏணியில் தொங்கவிடுவேன். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் சொட்டி வடிந்து, பிசைகிற பதத்துக்கு மண் வந்துவிடும். ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீருக்குமேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

இடம் மாற்றுகிற நாள்தான் கண்டம். ஒருமுறை முழுக்கக் காய்ந்த 32 கோப்பைகளைக் காகிதத்தில் இறுகச் சுற்றிக் கட்டிலில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். 140 கிலோமீட்டர். நிறுத்திப் பிரித்தபோது 19 கோப்பைகளுக்குக் கைப்பிடி இல்லை. காகிதத்துக்குள் கைப்பிடிகள் மட்டும் தனியாகக் கிடந்தன. அன்றைக்கு அழுதேன், சொல்ல வெட்கமில்லை. முழுக்கக் காய்ந்த பச்சை மண்தான் எல்லாக் கட்டத்திலும் பலவீனமானது. அதனால் கிளம்புகிற நாளில் கோப்பை சுட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அரைக் காய்ச்சலில் இருக்க வேண்டும், அதாவது நகம் பட்டால் தடம் விழும், அமுக்கினால் வளையாது என்கிற பதத்தில். அந்தப் பதத்தில் மெத்தைப் பஞ்சுத் துண்டுகளுக்கு நடுவே தளர்வாக வைத்து மூடினால் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். பிறகு நான் கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வேலையையே ஆரம்பித்தேன்.

சூளைக்கு வருகிறேன். வண்டிக்குள் சுடவே சுடாதீர்கள். மண்ணில் இருக்கிற மக்கிய பொருள்கள் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் கந்தகப் புகையும் வரும். சுவரெல்லாம் பிளைவுட்டும் நுரைப் பலகையும். 120 வோல்ட், 30 ஆம்பியர் என்றால் மொத்தமே 3600 வாட். சோதனைச் சூளையே அதில் பாதியை இழுத்துக்கொள்ளும், ஏ.சி.யும் சேர்ந்து ஓடினால் கொஞ்சம்தான் மிஞ்சும். அப்படிச் சுட்டாலும் ஒரு தடவைக்கு இரண்டு கோப்பை கிடைத்தால் அதிகம். நான் போகிற வழியில் இருக்கிற பொதுப் பட்டறைகளுக்கு முன்கூட்டியே எழுதி, சூளையில் ஒரு தட்டு வாடகைக்குக் கேட்பேன். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

அங்கே ஒரு எச்சரிக்கை. சுடுகிற சூட்டைக் கோன் என்ற எண்ணால் சொல்வோம். என்னிடம் இரண்டு வகை மண் இருந்தது, ஒன்று கோன் 6, சுமார் 1220 டிகிரி செல்சியஸ் தாங்குவது. இன்னொன்று கோன் 04, 1060 டிகிரியைச் சுற்றிச் சுட வேண்டியது. முதல் சுடலுக்குப் பிறகு இரண்டும் ஒரே மாதிரி வெளிறித் தெரிந்தன. ஒரே பெட்டியில் கலந்து கொடுத்துவிட்டேன். கோன் 6 சுடலில், கோன் 04 மண்ணில் செய்த மூன்று கிண்ணங்கள் உருகி உட்கார்ந்து, அடுத்தவர் வாடகை எடுத்த தட்டோடு ஒட்டிக்கொண்டன. தட்டுக்குப் பணம் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. வண்டியில் இருக்கும்வரை ஒரே மண் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியிலும் ஊசியால் கோன் எண்ணைக் கீறிவிடுங்கள்.

அச்சாணி எழுதியது:

நான் மண் வேலை செய்பவன் இல்லை, என் மனைவி செய்கிறார். வண்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பதினெட்டுப் பொதி என்றால் கிட்டத்தட்ட 200 கிலோ. தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் இன்னும் 150 கிலோ. நிறைய வண்டிகளில் ஆட்களையும் சாமான்களையும் சேர்த்து ஏற்றக்கூடிய எடையே சில நூறு கிலோதான். கதவோரம் ஒட்டியிருக்கிற எடைச் சீட்டைப் படியுங்கள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஒரு தடவை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள், ஊகத்தை நம்பவேண்டாம்.

மண்ணைப் பின்பக்கப் பெட்டியில் குவிக்காதீர்கள். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடி குறையும், இழுவை வண்டியாக இருந்தால் வால் ஆடும். அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ, தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். நாங்கள் ஆறு பொதிதான் வைத்துக்கொள்வோம், தீரத் தீர வாங்குவோம். குளிர் காலத்தில் வெளிப்பெட்டியில் மண் உறைந்துபோகும். உறைந்த மண் கெட்டுப்போகாது, ஆனால் உள்ளே நீர் பனிக்கட்டியாகப் பிரிந்து ஏடு ஏடாக வரும், உருகினதும் நன்றாகப் பிசைந்தால்தான் பழையபடி ஆகும்.

வெண்களி எழுதியது:

தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நீங்கள் தூங்குகிற இடமும் வேலை செய்கிற இடமும் ஒன்றாகப் போகிறது. காய்ந்த களிமண்ணில் இருக்கிற சிலிக்காத் தூசு கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது, நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. அதனால் வருகிற சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த வழியில்லை. உள்ளே துடைப்பம் போடவே கூடாது, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சாதாரண வாக்வம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாகத் திரும்பக் காற்றில் விட்டுவிடும். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை அடியோடு விடுங்கள், ஈரமாக இருக்கும்போதே பஞ்சால் விளிம்பைச் சரிசெய்துகொள்ளலாம். வேலைக்குக் கட்டுகிற ஏப்ரனை வெளியிலேயே கழற்றி வாளியில் போடுங்கள். கிளேஸ் (பாத்திரத்துக்குப் பூசுகிற பளபளப்புப் பூச்சு) பொடிகளை வண்டிக்குள் கலக்காதீர்கள், கலந்து வைத்ததையே வாங்குங்கள். என் ஆசிரியர் கடைசிக் காலத்தில் படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியதைப் பார்த்தவள் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஈரக்கை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். இன்றைக்கே பன்னிரண்டு பொதியைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டோம். சோதனைச் சூளை வாங்கும் யோசனையையும் விட்டாச்சு.

சக்கரத்தடி அக்கா, இன்னும் ஒன்று கேட்கலாமா? எங்கள் வண்டியில் குளியல் கூண்டுக்குக் கதவு இல்லை, திரைதான். கைப்பிடிக் கோப்பைகளை வேறு எங்கே வைப்பது? வீட்டில் இருந்தபோதே என் கைப்பிடிகள் மேல்முனையில் விரிசல் விடும்.

சக்கரத்தடி எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள். மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி, அடியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றுங்கள். இறுகினதும் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் குடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். உள்ளே வைத்த கோப்பை வாரக்கணக்கில் ஒரே பதத்தில் நிற்கும். பிளாஸ்டர் துணுக்கு மட்டும் மண்ணில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுட்டபிறகு அது ஈரத்தை இழுத்து உப்பி, சுவரிலிருந்து சில்லாகத் தெறிக்கும்.

விரிசலுக்குக் காரணம் கைப்பிடி மெல்லியது, கோப்பைக்கு முன்னால் காய்ந்து சுருங்கிச் சுவரைப் பிடித்து இழுக்கிறது. ஒட்டும்போது இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி ஒன்றுபோலத் தெரிய வேண்டும். ஒட்டி முடித்ததும் இரண்டு நாள் அந்தப் பெட்டிக்குள். வெளியே எடுத்தபின் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கைப்பிடிமேல் மட்டும் சுற்றிவிட்டு, கோப்பையைத் திறந்தபடி விடுங்கள். கோப்பை வெளுக்கத் தொடங்கும்போது தாளை எடுத்தால் போதும்.

பெட்டியைப் படுக்கைக்குக் கீழே, அச்சுக்குக் கிட்டே வையுங்கள். அங்கேதான் குலுக்கல் குறைவு. முதல் ஆறு கோப்பைகள் சுட்டு வந்ததும் படம் போடுங்கள், அடியைத் திருப்பியும் ஒரு படம்.